பிரகாசித் தண்ணீர்

கஸ்பார் ரொட்ரிகோ மலேசியாவின் லங்காவியில் பாய் விரித்து, வங்காள விரிகுடாவைத் தன்னந்தனியாகக் குறுக்கே கடந்து, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, பேச ஆளில்லாமல் சுக்கானோடு பேசி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து, இனி ஒரு முற்பகல் ஓடினால் வீடு என்கிற இடத்தை அடைந்த பிறகுதான் படகின் அடிவயிறு கிழிந்தது. பெரிய ஓட்டை ஒன்றும் இல்லை. எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகிற ஷாஃப்ட் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிற இடத்தில், கடல் உள்ளே வராமல் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் சீல் வாய் பிளந்துவிட்டது. அவர் கைப்பம்பை அடித்து அடித்துத் தண்ணீரை இறைத்தபடியே கருமுனைத் துறைக்குள் வந்து கயிறு கட்டினார். வெளிநாட்டிலிருந்து வருகிற படகு எதுவானாலும் முதலில் அங்கேதான் நிற்க வேண்டும், ஆகையால் ஒரு நாள் நிற்பதாகத்தான் இருந்தது.

கருமுனையும் அவருடைய ஊரான தாழங்கரையும் ஒரே வளைகுடாவின் இரண்டு முனைகள். கடல்வழியே நேர்கோடு. தரைவழியே போனால் உப்பளங்களையும் கழிமுகங்களையும் சுற்றிக்கொண்டு பஸ் அரைநாள் ஓடும். மீன்பிடிக்காரர்கள், "எங்க போட்ல கட்டி இழுத்துட்டுப் போய் விட்டுருதோம், அண்ணாச்சி" என்று கேட்டார்கள். தாழங்கரையில் துறைமுகம் கிடையாது, திறந்த கடற்கரைதான், அங்கே நங்கூரமிட்டால் ஓட்டைப் படகு மூழ்கிப்போகும் என்றார் கஸ்பார். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, நாற்பது வருசம் கப்பல் கப்பலாக எஞ்சின் அறையில் வெந்த மனுசன், பெண்டாட்டியைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக, ரிட்டயர் ஆனதும் நேரே வீட்டுக்குப் போகாமல் மலேசியாவில் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி, அதன் பின்புறத்தில் அவள் பெயரையே எழுதி, அதை ஓட்டிக்கொண்டு வருகிறவர், கடைசியில் மாட்டைப் போலக் கயிறு கட்டி இழுக்கப்பட்டு அவள் முன்னால் போய் நிற்க விரும்பவில்லை என்பது.

சீல் இத்தாலியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மனைவி பிரகாசியிடம் போனில் சொன்னார்.

"கப்பல்தான் லேட்டாவும்னு நெனச்சேன். படகும் லேட்டாவுமா?" என்றாள் அவள். "சரி. வந்ததும் சொல்லுங்க."

துறையின் கல்மேடையில் சுலைகா பீவி டீக்கடை வைத்திருந்தாள். கஸ்பார் இறைத்துக் கொட்டிய தண்ணீர் கல்லின் பள்ளத்தில் தேங்கி நிற்க, அவளுடைய ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதைக் குடித்தது. கடல்தண்ணீரை ஆடு குடிக்காது. சுலைகா போய்க் கைவிட்டு அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். மலை ஊற்றுத் தண்ணீர் மாதிரி இனித்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. இறால் பண்ணைகள் வந்த பிறகு கிணறெல்லாம் கரித்துப்போய், லாரித் தண்ணீருக்கு விடியவிடியக் குடம் போட்டுக் காத்துக்கிடக்கும் கருமுனை, நல்ல தண்ணீர் கிடைத்தால் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கிற ஊர் இல்லை. அவள் உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

"அண்ணே, பம்பு அடிக்கும்போது கொஞ்சம் இந்தப் பக்கமா அடிங்க. வீணாப் போவுது."

அப்படித்தான் தொடங்கியது. வெளியே படகின் பக்கவாட்டில் மோதியது உப்புக் கடல். அதே கடல் அந்தக் கிழிந்த சீல் வழியாக உள்ளே வரும்போது நல்ல தண்ணீராக வந்தது. எவ்வளவு இறைத்தாலும் அவ்வளவு வந்தது. மறுநாள் சுலைகாவின் தெரு வந்தது, அதற்கு மறுநாள் வலைக்காரத் தெரு வந்தது, அந்த வாரம் முடிவதற்குள் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடமும் ஐஸ் கம்பெனியும் வந்தன. மஞ்சள் குடமும் பச்சைக் குடமும் சிவப்புக் குடமும் கல்மேடை நெடுக வரிசை கட்டி நின்றன. முதல் சண்டையில் இரண்டு குடம் உடைந்தது. இரண்டாவது சண்டை வருவதற்கு முன்பே பெண்கள் கூடிப் பேசி, திங்கள் இன்ன தெரு, செவ்வாய் இன்ன தெரு, கர்ப்பிணியும் கைக்குழந்தைக்காரியும் எந்தக் கிழமையும் வரலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆண்கள் முறைவைத்துப் பம்பு அடித்தார்கள். குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்துவிட்டு, நல்ல தண்ணீர்தான் என்று சொல்லி அனுப்பினார். வேறென்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேன் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தவர் குடம் விற்க ஆரம்பித்தார். கோயிலில் அபிஷேகத்துக்கு அந்தத் தண்ணீர் போயிற்று, மாதா கோயில் தொட்டிக்குப் போயிற்று, பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுதுக்குப் போயிற்று. அந்த வருசம் மூன்று இடத்திலும் தண்ணீர் ஒரே ருசியாக இருந்தது. பருப்பு வேகாத ஊரில் பருப்பு வெந்தது. பெண்களின் தலைமுடி சிக்குவிட்டுத் தழைந்தது. அந்த உப்புக்காட்டுக்குப் பெண் கொடுப்பதா என்று முகம் திருப்பிக்கொண்டு போன மேட்டு ஊர்க்காரர்கள், சித்திரையில் பேசலாமா, வைகாசியில் பேசலாமா என்று ஆள் விட்டார்கள்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. படகின் பின்புறத்தில் எழுதியிருந்ததை எல்லாரும் படித்தார்கள். "பிரகாசி பிடிச்சுட்டு வந்துட்டியா?" "சோத்துக்குப் பிரகாசி, கழுவுறதுக்கு லாரித் தண்ணி." "பிள்ளைக்குக் காய்ச்சல், கொஞ்சம் பிரகாசி குடு." அப்படிப் பேச்சில் அது கலந்துவிட்டது.

இந்தச் செய்தி மீன் வண்டியில் ஏறி வளைகுடாவைச் சுற்றித் தாழங்கரைக்கும் போயிற்று.

"எம்பேரச் சொல்லித் தண்ணி குடிக்காவளாமே?" என்று போனில் கேட்டாள் பிரகாசி.

"ஆமா."

"நல்லாருக்காமா?"

"நல்லாருக்குங்காவ."

"அப்ப சரி." பிறகு கேட்டாள், "சாமான் வார வரைக்கும் சும்மாதான இருக்கிய. பஸ்ஸுல வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்களேன்."

மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் கழிமுகப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்து குறுக்கே நின்றது. அதிலிருந்து சுலைகாவும் இன்னும் நாலைந்து பெண்களும் இறங்கினார்கள். யாரும் கெஞ்சவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார்கள்.

"அண்ணே, நீங்க பாலம் தாண்டினதும் குடத்துல இருக்கதெல்லாம் கரிச்சுப்போச்சு. அடுப்புல இருந்த பாலும் திரிஞ்சுபோச்சு."

பஸ்ஸில் இருந்தவர்கள் விசாரித்தார்கள், விளங்கிக்கொண்டார்கள், அவருடைய பையை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தார்கள். கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டுக் காத்து நின்றார். கஸ்பார் இறங்கி ஆட்டோவில் பெண்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாலத்தைத் திரும்பக் கடந்ததும் ஒருத்தி மடியில் வைத்திருந்த செம்பிலிருந்து ஒரு வாய் குடித்து, "சரியாப்போச்சு" என்றாள். அப்போது அவருடைய நெஞ்சுக்குள் பொங்கியது வருத்தம் இல்லை, சந்தோசம். அதை அவர் அங்கேயே, அந்த ஆட்டோவிலேயே தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதற்காக வெட்கமும் பட்டார். ஆனால் சந்தோசம் குறையவில்லை.

ஏனென்றால் அவர் வேலை பார்த்த கப்பல்களில் எஞ்சின் நின்றால்தான் எஞ்சினியரைத் தேடுவார்கள், ஓடுகிறவரை அப்படியொருவர் கீழே இருப்பது யாருக்கும் நினைவிருக்காது. லீவில் வீட்டுக்கு வந்தால், அவர் இல்லாமலே ஓடிப் பழகிய வீடு அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து விருந்து வைக்கும். எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கருமுனையில் அப்படி இல்லை. காலையில் அவர் மேல்தட்டில் தலையைக் காட்டினாலே ஊருக்கு உயிர் வந்தது. தெருவுக்கு ஒரு நாள் என்று முறைவைத்து அவருக்குச் சோறு வந்தது. பிறந்த குழந்தைக்கு அவர் கையால்தான் முதல் சொட்டுத் தண்ணீர். அண்ணன் தம்பி வாய்க்கால் தகராறென்றாலும் மாமியார் மருமகள் மனத்தாங்கலென்றாலும் படகுக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடமாட்டார். ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார். குடித்துவிட்டுச் சமாதானமாகப் போவார்கள்.

துறைமேடையைக் கவனிக்கும் வார்ஃப் சூப்பர்வைசர் குற்றாலிங்கம் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார். நான் கேப்டன் இல்லை, எஞ்சினியர் என்று கஸ்பார் சொல்லிப் பார்த்தார். "படகு ஓட்டுதியளே, அப்ப கேப்டன்தான்" என்றுவிட்டார் அவர்.

சுலைகாதான் ஒருநாள் கேட்டாள். "மதினிய இங்க வரச் சொல்லலாம்லா, அண்ணே? படகுலயே ரெண்டு பேரும் இருக்கலாம். இல்லாட்டி எங்க வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு."

"அவள நான் போய்க் கூட்டிட்டு வரணும், தங்கச்சி. அப்படித்தான் பேச்சு."

"யாரு கூடப் பேச்சு?"

கஸ்பார் டீயைக் குடித்தார்.

பொங்கலுக்கு முன்னால் சீல் வந்துவிட்டது. குற்றாலிங்கம்தான் அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். சாவுச் செய்தி கொண்டுவருகிறவரைப் போல வாசலிலேயே தயங்கி நின்று, பிறகு படகுக்குள் இறங்கி, பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"வந்துட்டு, கேப்டன்."

"யாருக்கும் தெரியுமா?"

"நான் ஏன் சொல்லுதேன்?"

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே பம்பு அடிக்கிற சத்தமும் பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டன. "பொங்கல் கழியட்டும்" என்றார் கஸ்பார். குற்றாலிங்கம் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் படியேறிப் போனார். கஸ்பார் பெட்டியைப் படுக்கைக்குக் கீழே தள்ளினார்.

பொங்கல் கழிந்தது. மாசி பிறந்தது. மாசியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா இருந்தது, ஊர் முழுக்க விருந்தாட்கள், அப்போது தண்ணீரை நிறுத்த முடியுமா? பங்குனியில் வெயில் ஏறியது, லாரித் தண்ணீரும் குறைந்தது. அதன்பிறகு கோடை. கோடையில் யாராவது தண்ணீரை நிறுத்துவார்களா? ஒவ்வொரு காரணமும் அவர் தேடிப்போகாமலே அவரிடம் வந்தது, ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. பிரகாசி போன் பண்ணும்போதெல்லாம் "இன்னும் வரல" என்றார். முதல்முறை சொல்லும்போது நாக்கு தடுக்கியது. பிறகு தடுக்கவில்லை. கப்பல் காலத்தில் "எனக்குப் பதிலா வார ரிலீவர் இன்னும் வரல, அடுத்த துறைமுகத்துலதான் இறங்க முடியும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதில் எத்தனை நிஜம், எத்தனை தானே கேட்டு வாங்கிக்கொண்ட கூடுதல் மாதம் என்று அவருக்கே இப்போது கணக்கில்லை.

மாசிக் கடைசியில் ஒரு வாரம் பிரகாசி போன் பண்ணவில்லை. கொடை வேலையில் அவருக்கும் அது உறைக்கவில்லை. பிறகு பேசியபோது குரல் கம்மியிருந்தது. "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சளி" என்றாள்.

சித்திரையில், வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

தோளில் துணிப்பையோடு கல்மேடையில் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, "எந்தத் தெரு? குடத்தக் காணுமே?" என்று கேட்டாள்.

"வெளியூரு. ஒரு வாய் குடிக்கத்தான்."

"அப்ப வரிசையில நிக்காண்டாம், முன்னால போங்க. பிரகாசி குடிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் வேற தண்ணி எறங்காது. பிரகாசி இல்லேன்னா இந்த ஊரு என்னைக்கோ காலியாயிருக்கும்."

ஒவ்வொருத்தியும் வழிவிட்டாள். தன் பெயரைக் கேட்டுக் கேட்டு அவள் முன்னால் வந்தாள். டீக்கடையில் சுலைகா ஒரு தம்ளரில் மொண்டு கொடுத்தாள். அவள் நின்றபடியே குடித்தாள், பாதி தம்ளரில் நிறுத்தி மூச்சுவிட்டாள், மீதியையும் குடித்தாள். ஒரு கை அடிவயிற்றைப் பிடித்திருந்தது. சுலைகா அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், துணிப்பையைப் பார்த்தாள்.

"மதினியா?"

"ஆமா. நாந்தான் பிரகாசி."

பம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். மாதா கோயிலில் அப்பம் வாங்கப் போகிறவர்களைப் போல எல்லாரும் நின்றார்கள்.

கஸ்பார் மேலே ஏறி வந்து கைகொடுத்து அவளைப் படகுக்குள் இறக்கினார். நாலு படி இறங்குவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. படுக்கையில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்தபோது குதிகால் ஒரு பெட்டியில் இடித்தது. குனிந்து பார்த்தாள்.

"இது என்ன?"

அவர் எஞ்சின் மூடியைப் பார்த்தார்.

"அதுதானா?"

"ஆமா."

"எப்ப வந்துச்சு?"

ஒரு பொய் நாக்குவரை வந்தது. அவளுடைய கை இன்னும் வயிற்றைப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. "பொங்கலுக்கு முன்ன" என்றார்.

அவள் கத்தவில்லை. வட்ட ஜன்னல் வழியாகத் தெரிந்த பெண்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"மாசியில கர்ப்பப்பைய எடுத்துட்டாவ. கட்டி இருந்துச்சு. பயப்படுற கட்டி இல்லன்னு பொறவு சொன்னாவ. ஆனா உள்ள கொண்டு போவும்போது அது தெரியாது. கையெழுத்துப் போட வீட்டு ஆள் யாருன்னு கேட்டாவ. வீட்டுக்காரர் கப்பல்லன்னு சொல்லிட்டேன், பழக்கத்துல. தங்கச்சிதான் போட்டா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சாமான் வரலன்னு சொன்னியளே. வராத சாமானுக்கு நீங்க என்ன செய்வியன்னு நெனச்சேன்."

கஸ்பார் பெட்டியை இழுத்துக் கிழித்தார். எஞ்சின் மூடியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தலைகுப்புற உள்ளே இறங்கி, ஷாஃப்ட்டைக் கழற்றி, பழைய சீலை அறுத்தெடுத்து, பீறிட்டு வந்த தண்ணீரில் மார்புவரை நனைந்து, புதியதைத் தள்ளி இறுக்கினார். இத்தனை மாதம் ஊர் முழுவதற்கும் சோறு பொங்கிய அந்த ஊற்று, பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டவரைப் போல நின்றது. மேலே பம்பு இரண்டு முறை காற்றை இழுத்துக் கரகரத்துவிட்டு ஓய்ந்தது.

பிரகாசி படியைப் பிடித்து மேலே ஏறினாள். கல்மேடையில் வெயிலில் குடங்கள் இருந்தன. பாதி நிறைந்த ஒரு குடத்தின் பக்கத்தில் ஒரு சின்னப்பெண் குந்தியிருந்து குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சீல் வந்துவிட்டதென்றும், அது வந்தால் இது நிற்குமென்றும் எல்லாருக்கும் எப்போதோ தெரிந்திருந்ததைப் போலத்தான் அவர்கள் நின்றார்கள். ஒருத்தி வாங்கவந்த குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பிரகாசி கீழே குனிந்தாள். "கழட்டுங்க."

"என்ன?"

"கழட்டிப் போடுங்கங்கேன். இத்தன குடத்தக் காய வச்சுட்டு என்னைய எங்க கூட்டிட்டுப் போறிய? எனக்குப் பழகிருச்சு. இவ்வளவு பேருக்குப் பழக்க வேண்டாம்."

"பிரகாசி..."

"கழட்டுங்க."

அவர் கழற்றினார். இந்தமுறை அதிக நேரம் ஆயிற்று. தண்ணீர் வந்தது. வலைக்காரத் தெருப் பையன்கள் பாய்ந்து பம்பைப் பிடித்தார்கள், குழாய் பொங்கி வழிந்தது, வரிசையில் ஒரு பெருமூச்சு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. சுலைகா முதல் தம்ளரை மொண்டு வாயில் ஊற்றினாள். அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"லேசாக் கரிக்குது, அண்ணே" என்றாள். "சரியாயிரும்."

எல்லாரும் அதையே சொன்னார்கள். கொஞ்சம் கரிக்குது, சரியாயிரும். ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து, கடல்தண்ணீரைக் குடம் நிறையப் பிடித்து, தளும்பாமல் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துவிட்டு, "வாரேன் மதினி, வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லி நடந்துபோனார்கள். கஸ்பாருக்கு முன்னால் ஒருத்திகூட வெறும் குடத்தோடு திரும்பிப் போகவில்லை. கடைசிக் குடம் தெருமுனையில் திரும்பும்வரை அவர் நனைந்த சட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பிரகாசி சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். இருந்துவிட்டுப் போ என்று அவர் சொன்னார். "தையல் இன்னும் ஆறல. ஆடுற படகுல படுக்க முடியாது" என்றாள். சுலைகா பஸ் ஸ்டாண்டுவரை அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். கஸ்பார் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழி நெடுக வாசல்களில் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

தண்ணீர் சரியாகவில்லை. கொஞ்சநாள் ஒவ்வொரு காலையிலும் யாராவது ஒருவர் வந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அதுவும் நின்றது. லாரி வரத் தொடங்கியது, கேன் தண்ணீர்க்காரர் கடையைத் திரும்பத் திறந்தார், சுலைகாவின் டீ பழைய ருசிக்குத் திரும்பியது, மேட்டு ஊர்க்காரர்கள் நாள் குறிக்க வரவில்லை. அதற்காகக் கஸ்பாருக்கு வருகிற சோறு நிற்கவில்லை. முறைப்படி தெருத்தெருவாக வந்துகொண்டுதான் இருந்தது. குழம்பில் உப்புக் கரித்தது. அவர் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார்.

ஒருநாள் காலையில் ரப்பர் சீலைத் திரும்ப மாட்டினார். குற்றாலிங்கத்திடம் போய்க் கிளம்புகிறேன் என்றார்.

"போயிட்டு வாங்க, கேப்டன்" என்றார் குற்றாலிங்கம். பிறகு எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார், "அன்னைக்குப் பெட்டியக் கொண்டு வந்தப்ப, உடனே மாட்டுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். எங்க வீட்லயும் அந்தத் தண்ணிதான் குடிச்சோம்."

"நீங்க சொன்னாலும் நான் மாட்டியிருக்க மாட்டேன்" என்றார் கஸ்பார்.

சுலைகா வாழையிலையில் இடியாப்பம் கட்டிக் கொடுத்தாள். கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் எறிந்தாள். துறையில் ஆட்கள் நின்றார்கள், கை காட்டினார்கள், திரும்ப வரும்படி யாரும் சொல்லவில்லை. மெல்லிய தென்கிழக்குக் காற்றில் பாய் உப்பியது. இடியாப்பம் இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே தாழங்கரையின் பனைகள் தெரிந்துவிட்டன. உச்சிக்கு முன்பே போய்ச் சேர்ந்து நங்கூரத்தை இறக்கினார். நங்கூரச் சங்கிலி ஓடி நின்றதும் அப்படியே மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த ஒரு முற்பகலைத்தான் அவர் இத்தனை மாதமாகக் கடக்காமல் இருந்திருக்கிறார்.

பிரகாசி வர மாட்டாள் என்று நினைத்தார். ஆனால் அவள் வந்தாள். அவளுடைய தம்பி கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து படகில் விட்டான். நல்ல சேலை கட்டியிருந்தாள். கடற்கரையிலேயே பிறந்து, கடற்கரையிலேயே பிள்ளை பெற்று, கடற்கரையிலேயே கிழவியாகிக்கொண்டிருந்தவள், கரையை விட்டுக் கடலுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் மெத்தையை மடித்துப் பாய்மரத்தோரம் சாய்மானம் செய்து கொடுத்தார். அலையில் அவள் வயிறு குலுங்காதபடி காற்றைப் படகின் பக்கவாட்டில் வாங்கி மெல்ல ஓட்டினார். கரை தாழ்ந்தது. வீடுகள் போயின, பனைகள் குட்டையாகிப் போயின. மூன்று பக்கமும் தண்ணீர் மட்டும் இருந்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"அகுஸ்தீன் பொறந்தப்ப நீங்க எந்தப் பக்கம் இருந்திய?"

அவர் யோசித்தார். "அந்தப் பக்கம்" என்று கிழக்கே கை காட்டினார். "யோக்கோஹாமா."

அவள் அந்தப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள். தண்ணீரும் வானமும் தொட்டுக்கொள்கிற கோடுதான் இருந்தது.

"எங்கம்மா செத்தப்ப?"

"தெற்கே. டர்பன்ல."

தெற்கே பார்த்தாள்.

"சுனாமி அன்னைக்கு? நான் பிள்ளையத் தூக்கிட்டுக் கோயில் மாடிக்கு ஓடுனேனே, அன்னைக்கு?"

அவருக்குக் கை எழும்பவில்லை. மெல்லத் தூக்கி மேற்கே காட்டினார். "பிரேசில் பக்கம். மூணு நாள் கழிச்சுத்தான் எங்களுக்குச் சொன்னாவ."

மேற்கே பார்ப்பதற்கு அவள் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள், கண்மேல் கை வைத்துப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் பெயரை மட்டும் கேட்டிருந்த ஊர்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிற மாதிரிதான் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலியே" என்றாள்.

"தெரியாது. ரொம்பத் தூரம்."

காற்று கொஞ்சம் தளர்ந்தது. பாய் ஒருமுறை படபடத்து அடங்கியது.

"மாசியில? எனக்கு ஆபரேசன் நடந்தப்ப?"

கஸ்பார் கையைத் தூக்கினார். வடக்கே, வளைகுடாவின் மறுமுனையில், கருமுனைக் கலங்கரை விளக்கம் ஒரு வெள்ளைக் குச்சியாக வெயிலில் நின்றது. அதன் அடியில் துறையின் கல்மேடை மங்கலாகத் தெரிந்தது.

பிரகாசி அதைப் பார்த்தாள். அதைப் பார்க்க அவள் கண்மேல் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.